அறுபத்து மூன்றாவது வயர்

இந்தக் கதையை ரெஜினால்டு இருபத்தோரு வருடங்களாகச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார். தூத்துக்குடி கப்பல்காரத் தெருவில் அவரைத் தவிர எல்லோரும் அதை நேரில் பார்த்தவர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் அதை, போன ஐப்பசியில் பெய்த மழையைப் பற்றிச் சொல்வதுபோல, குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி சொன்னார்கள். அவருடைய சந்தேகமே அங்கிருந்துதான் தொடங்கியது. பொய் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், உண்மையைச் சொல்கிறவர்களும் ஆளுக்கொரு விதமாகத்தான் சொல்வார்கள், ஒரு தெருவே ஒரே வாயாகப் பேசினால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று, கப்பல்களின் அடிவயிற்றில் இன்ஜின் அறையிலேயே காலம் கழித்து எந்தச் சத்தத்துக்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தே பழகிப்போன அவர், கரைக்கு வரும்போதெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டார். நம்ப மறுப்பது தன்னுடைய அறிவா, நம்பினால் தாங்கமுடியாது என்கிற பயமா என்றும் கேட்டுக்கொண்டார்.

அவருக்கு முதலில் சொன்னவர் மாகாளி. உச்சிமாகாளி என்பது முழுப்பெயர். தெருமுனையில் கார்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவர். ரெஜினால்டைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ரெஜினால்டின் அப்பாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி நடக்கும்போது சொன்னார். பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்கக் கேட்கச் சொன்னார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து முடித்தார்.

"கடைசில பெட்ரோல் தீந்துபோச்சு தம்பி. நாங்க யாரும் கவனிக்கல. அவ்வளவுதான்."

மாகாளி சொன்ன கதை இது.

ரெஜினால்டின் அப்பா இஞ்ஞாசியார், ஒரு கப்பல் ஏஜெண்டு கம்பெனியில் நாற்பது வருடம் டிரைவராக இருந்தவர். கம்பெனி வேண்டாமென்று ஒதுக்கிய பச்சை நிற லேண்ட்மாஸ்டர் காரைத் தான் ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஐம்பத்தேழாம் வருடத்து வண்டி. அந்த ஊர் உப்புக்காற்றுக்கு இரும்பு மட்டும் போதாது. வயரின் ரப்பர் உறைக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கிப் பொடியாக்கினால்தான் அதற்குத் திருப்தி. ஆகவே இஞ்ஞாசியார் ஹார்னை அமுக்கினால் வைப்பர் ஓடியது, பிரேக்கை மிதித்தால் மேல்கூரை விளக்கு எரிந்தது, மழையில் போனால் ஹார்ன் தானாக அழுதது. மாகாளி ஒட்டுப் போட்டு, ஒட்டின் மேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் வண்டிக்குள் வயரைவிட டேப்தான் அதிகமாக இருந்தது.

கப்பலில் செகண்ட் இன்ஜினியராக ஆன வருடம் ரெஜினால்டு, வீட்டைக் கொடுத்துவிட்டுச் சென்னையில் தான் வாங்கிய பிளாட்டுக்கு வந்துவிடும்படி அப்பாவையும் அம்மாவையும் அழைத்தார். "லேண்ட்மாஸ்டரை எங்கல நிப்பாட்டுறது?" என்று இஞ்ஞாசியார் கேட்டார். பிளாட் மூன்றாவது மாடியில் இருந்தது. பேச்சு அங்கிருந்து முற்றி, அப்பாவும் மகனும் சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லி, கடைசியில் ரெஜினால்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: "அந்த வண்டிய ஒரேயடியா அணைச்சுப் போட்டுட்டு எனக்குத் தகவல் சொல்லுங்க. அன்னைக்கு வாறேன். அதுவரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

மூன்று வருடம் மிதிக்கவில்லை. நான்காம் வருடம் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தில், பழைய கார்களுக்கென்றே புது வயரிங் கட்டுகளைச் செய்து விற்கும் கடை ஒன்று ரெஜினால்டின் கண்ணில் பட்டிருக்கிறது. லேண்ட்மாஸ்டரின் இன்ஜினும் உடம்பும் கொண்ட அந்த ஊர்க் கார் ஒன்றுக்கான வயர்க்கட்டை வாங்கி அனுப்பியிருந்தார். இஞ்ஞாசியார் பெட்டியைப் பிரித்து, சுருட்டி வைத்திருந்த வயர்க்கட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். கடிதம் இல்லை. எந்த வயர் எங்கே போகவேண்டும் என்று காட்டும் படத்தாள் ஒன்று மட்டும் விழுந்தது. அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். படம் தேவைப்படும்போதெல்லாம் மாகாளி அவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுக்கவேண்டியிருந்தது.

நான்கு நாள் வேலை. பழைய வயரிங்கை முழுசாக உருவி எடுத்துத் தெருவில் நீளமாகக் கிடத்தி, பக்கத்தில் புதியதைக் கிடத்தி, கருவாடு காயப்போட்டதுபோல இரண்டு வரிசை கிடக்க, மாகாளி குனிந்து குனிந்து ஒவ்வொரு முனைக்கும் டேப்பில் பெயர் எழுதி ஒட்டினார். ஹெட்லைட்டு, டைனமோ, காயில், பிரேக்கு. அவருக்குத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு: வயரின் எந்த முனையும் அனாதையாக நிற்கக்கூடாது. அனாதை முனை என்றைக்காவது ஒருநாள் வண்டியைக் கொளுத்திவிடும். போக இடமில்லாத முனையை ஏதாவதொன்றில் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் பேட்டரியைத் தொடுவார். நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு அவர் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, படத்தில அறுபத்திரெண்டு வயருதான் இருக்கு. கட்டுல அறுபத்து மூணு இருக்கு."

"ஒருக்க திரும்ப எண்ணு."

"மூணு தடவ எண்ணியாச்சு. ஊதாவில வெள்ளக்கோடு போட்டது ஒண்ணு. ஒரு முனை சாவி சுவிட்சுல இருந்து வருது. மறுமுனைக்குப் போக எடமில்ல. நறுக்கிரட்டா?"

"நறுக்காத. ரெஜினால்டு அனுப்புனதுல தேவையில்லாதது எதுவும் இருக்காது. குடு, நான் பிடிச்சுக்கிடுதேன். நீ பேட்டரியப் பாரு."

இஞ்ஞாசியார் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இடது கையில் அந்த ஊதா வயரின் முனையைப் பிடித்துக்கொண்டார். மாகாளி பானட்டுக்குள் தலையை விட்டு பேட்டரியின் இரண்டு முனைகளையும் முடுக்கினார். அவருடைய தொழில் வாழ்க்கையில் ஒரு முனையைக் கட்டாமல் விட்டுவிட்டு பேட்டரியைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் மறதியால் இல்லை, ஓர் ஆளின் கையில் இருந்ததால் அது அனாதை இல்லை என்று நினைத்துவிட்டார். "ஏ மாகாளி, சாவியத் திருப்புதேன், வெளக்கு..." என்று இஞ்ஞாசியார் சொல்லத் தொடங்கியது கேட்டது. மீதியைக் காணோம். நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்திருந்தார். சாவி திரும்பவே இல்லை.

இரண்டு வீடு தள்ளியிருந்த டாக்டர் தேவப்பிரியம் ஸ்டெதஸ்கோப்போடு ஓடிவந்து, இதயம் நின்றுவிட்டது என்றார். வீட்டுக்குள் போய் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து, பத்து நாற்பது என்று நேரம் போட்டுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். பங்குச் சாமியார் வந்து எண்ணெய் பூசினார். ரெஜினால்டின் கப்பல் கம்பெனிக்கு, தந்தை இறந்துவிட்டார், உடனே வரவும் என்று செய்தி போயிற்று. சவப்பெட்டி செய்யும் கஸ்பார் நாடா வைத்து நீளம் பார்த்துவிட்டுப் போய், பன்னிரண்டு மணிக்குள் பெட்டியோடு வந்துவிட்டான். ஆனால் உடலை இறக்க முடியவில்லை. இடது கை வயரை விடவில்லை. விரல்களைப் பிரிக்க நான்கு பேர் முயன்று தோற்றார்கள்.

"ஐயா நறுக்காதன்னு சொன்ன வயரு. சுவிட்சு பக்கத்து முனையக் கழட்டிருவோம்" என்றார் மாகாளி. எந்த முனை என்று தெரியவேண்டும். முனையைத் தேட வேண்டுமென்றால் சாவியைப் போட்டுவிட்டு டெஸ்ட் லைட்டை ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பதுதான் அவர் கைப்பழக்கம். சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"எரியுதா?" என்று இஞ்ஞாசியார் கேட்டார்.

யாரும் கத்தவில்லை. தெருவில் கூடியிருந்த இருபது முப்பது பேரும், மாலைகளைப் பிடித்தபடி, பானை கழுவிய ஈரக்கையோடு, பாதி வாயில் ஜெபத்தோடு, அப்படியே நின்றார்கள். ஒரு குழந்தை ஐஸ் உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டதாக மாகாளி சொல்வார். முதலில் வாய் திறந்தது இஞ்ஞாசியாரின் மனைவி பிரகாசியம்மாள்தான். ஒன்றரை மணிநேரமாக விதவையாக அழுதுகொண்டிருந்த அந்த அம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எரியுது. நீங்க ஆட்டாம அசைக்காம இருங்க" என்றார்.

மாகாளியின் கை தன்னால் சாவியைத் திருப்பி அணைத்தது. இஞ்ஞாசியார் நின்றுபோனார். திரும்பப் போட்டார். "அப்ப ரிவர்ஸ் லைட்டப் பாத்திரு" என்றார் இஞ்ஞாசியார். மூன்றாவது முறை சாவியைத் தொட அங்கே யாருக்கும் துணிவு இல்லை. டாக்டர் தேவப்பிரியம் சேலை மண்ணாகிறதே என்று பார்க்காமல் தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

சாவியை மட்டும் போட்டு இன்ஜினை ஓட்டாமல் விட்டால் தீப்பொறி தரும் இக்னிஷன் காயில் சூடேறி எரிந்துபோகும் என்பது நினைவுக்கு வந்து, மாகாளி குனிந்து ஸ்டார்ட்டரை இழுத்தார். புது வயரிங்கில் லேண்ட்மாஸ்டர் ஒரே இழுப்பில் கிளம்பியது. இஞ்ஞாசியாரின் முகத்தில் ரத்தம் ஏறியது. "ரெஜினால்டு வாற வரைக்கும் ஓடட்டும்" என்றார் பிரகாசியம்மாள். அதுதான் தீர்மானம். வேறு கூட்டம் எதுவும் கூட்டவில்லை.

தெரு அந்த வேலையைத் தலையில் எடுத்துக்கொண்டது. ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடுவதுபோலத்தான் எடுத்துக்கொண்டது. மெதுவாக ஓடும் இன்ஜினில் டைனமோ சார்ஜ் ஏற்றாது, ஆகவே பேட்டரி மெல்ல மெல்ல இறங்கும். டாக்ஸி ஸ்டாண்டுக்காரர்கள் தங்கள் வண்டிகளிலிருந்து பேட்டரி கழற்றிக் கொண்டுவந்தார்கள், விசைப்படகுக்காரர்கள் படகிலிருந்து கொண்டுவந்தார்கள், ஆறு மணிநேரத்துக்கு ஒருமுறை மாகாளி புது பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, தடித்த வயரால் இரண்டையும் இணைத்து, சிவப்பு விளக்கு சிமிட்டாமல் பழையதை உருவி எடுத்தார். அந்த ஒரு நிமிடம் தெரு முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். இஞ்ஞாசியார் பேசிக்கொண்டிருந்த வார்த்தையின் நடுவெழுத்தில் கொஞ்சம் நீண்டு நின்று, பிறகு தொடர்வார். பெட்ரோல் கேன்களில் வந்தது. ரேடியேட்டருக்குப் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வண்டியின் மற்றப் பொத்தான்களும் அவரோடு சேர்ந்துகொண்டதை இரண்டாம் நாளில் கண்டுபிடித்தார்கள்: ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அவர் வேகமாகப் பேசினார், ஹெட்லைட்டைப் போட்டால் அவர் குரல் மங்கியது, இடது இண்டிகேட்டரைப் போட்டால் அவர் இடது கண் சிமிட்டியது. எதிர் வீட்டு மரியதங்கத்தைப் பார்த்து அவர் அரைமணி நேரம் கண்ணடித்த பிறகு, இண்டிகேட்டரை யாரும் தொடக்கூடாது என்று பிரகாசியம்மாள் உத்தரவு போட்டார்.

டாக்டர் தினமும் இரண்டு வேளை வந்து, ஸ்டெதஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்து ஒன்றும் கேட்காமல், பானட்டில் வைத்துக் கேட்டுவிட்டுப் போனார். சான்றிதழைக் கிழித்துவிடலாமே என்று சாமியார் சொன்னதற்கு, "எழுதுனப்போ அவர் செத்துத்தான் சாமி இருந்தாரு. நான் தப்பா எழுதல" என்று சொல்லிவிட்டார். சாமியாருக்கும் ஒரு சங்கடம் இருந்தது. இறந்தவருக்கு எண்ணெய் பூசியாயிற்று, அடக்கப் பூசைக்குக் கோயில் கரும்பலகையில் அறிவிப்பும் எழுதியாயிற்று. அறிவிப்பை அழிக்காமல், கீழே தேதி பின்னர் என்று சாக்பீஸில் எழுதிவைத்தார்.

ஒரு விஷயத்தில் மட்டும் தெரு கண்டிப்பாக இருந்தது. தான் இறந்துபோனது இஞ்ஞாசியாருக்குத் தெரியாது. தெரியவே கூடாது என்று பிரகாசியம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். மாலையோடு துக்கம் கேட்க வந்தவர்கள் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வண்டி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீட்டு வாசலில் துணி போர்த்தி வைத்திருந்த கஸ்பாரின் பெட்டியைக் காட்டி, "அது என்னல?" என்று இஞ்ஞாசியார் கேட்டார்.

"பீரோ மாமா" என்றான் கஸ்பார்.

"படுக்கப் போட்டிருக்கிய?"

"கால் இன்னும் வைக்கல."

பசிக்கவில்லை என்றார், தூக்கம் வரவில்லை என்றார், அதையெல்லாம் பற்றி அவர் கவலைப்படவும் இல்லை. அவருடைய கவலை ஒன்றுதான். நிற்கிற வண்டியில் இன்ஜின் ஓடுவதை அவர் வாழ்நாளில் பொறுத்துக்கொண்டதில்லை. கம்பெனி முதலாளியைத் துறைமுக வாசலில் இறக்கிவிடும் அரை நிமிடத்துக்குக்கூடச் சாவியை அணைக்கிறவர். "எதுக்குல இது சும்மா ஓடுது?" என்று மணிக்கு ஒருமுறை கேட்டார்.

"புது வயரிங்கு ஐயா. செட்டாவணும்" என்றார் மாகாளி.

"எத்தன நாளு?"

மாகாளி மாதா கோயில் நிழலில், அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர். வாயில் வந்தது, மாதாவுக்கு ஒன்பது நாள் ஜெபிக்கும் நவநாள் கணக்குதான். "ஒம்பது நாளு ஐயா."

ஆகவே அவர் பக்கத்துச் சீட்டில் எந்நேரமும் ஒருவர் உட்கார்ந்திருக்க ஏற்பாடு ஆயிற்று. டாக்ஸி ஸ்டாண்டு டிரைவர்களும் தெருக்காரர்களும் முறைவைத்து உட்கார்ந்தார்கள். பேச்சுக்கு நடுவே அவருடைய வலது கை தன் பழக்கத்தில் சாவியை நோக்கிப் போகும். பக்கத்தில் இருப்பவர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, நூறு முறை கேட்ட கதையை மறுபடி கேட்பார். இப்படி ஒன்பது நாளும் ஊரில் பாதிப் பேர் அவர் கையைப் பிடித்திருந்தார்கள். உயிரோடிருந்த எழுபத்தொரு வருடத்தில் அவர் கையை அத்தனை பேர் பிடித்ததில்லை.

ஒன்பதாம் நாள் ரெஜினால்டு வந்தார். இதற்குப் பிறகு நடந்தது அவருக்கே தெரியும், மாகாளி சொல்லவேண்டியதில்லை. செய்தி கிடைத்தபோது கப்பல் நடுக்கடலில் இருந்தது. கரை சேர ஐந்து நாள், விமானங்கள் மாறி மாறி ஏற மீதி நாள். மதுரையிலிருந்து டாக்ஸியில் வந்து, மாலை நான்கு மணிக்குத் தெருமுனையில் இறங்கினார். தெரு முழுவதும் அவரை நோக்கி ஓடிவந்தது. கஸ்பார் அவருடைய பயணப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டான், டாக்ஸி டிரைவர்கள் தோளைப் பிடித்து இழுத்தார்கள், மாகாளி, "வா தம்பி, சீக்கிரம் வா" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாளாக அப்பாவின் பிணத்துக்காக அழுதுகொண்டே வந்தவருக்கு அந்தச் சிரிப்பு செருப்பால் அடித்ததுபோல இருந்தது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று அங்கேயே நின்று கேட்டார். அவர்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை உதறினார். அப்படிக் கொஞ்ச நேரம் போயிற்று.

பிறகு யாரோ, "சத்தம் கேக்கலியே" என்றார்கள்.

சிரிப்பு நின்றது. அவ்வளவு பேர் முகமும் ஒரே நேரத்தில் வெளுத்ததை ரெஜினால்டு பார்த்தார். சாவு வீட்டில் அவர் பார்த்த எந்த முகத்திலும் இல்லாத வெளிறல் அது. அவரை விட்டுவிட்டு எல்லோரும் திரும்பி ஓடினார்கள். அவர் பின்னாலேயே போனார். வீட்டு வாசலில் பச்சை லேண்ட்மாஸ்டர் அமைதியாக நின்றது. டிரைவர் சீட்டில் அப்பா இருந்தார். இடது கை மூடியிருந்தது, அதிலிருந்து ஓர் ஊதா வயர் டாஷ்போர்டுக்குள் போயிற்று. அம்மா காரின் பக்கத்தில், கையில் வறுத்த மீனோடு ஒரு தட்டை ஏந்தி நின்றார். மறுகையை முந்தானைக்குள் வைத்திருந்தார். ரெஜினால்டு குனிந்து உள்ளே பார்க்க பானட்டில் கையை ஊன்றினார். உள்ளங்கை சுட்டுவிட்டது.

அந்தச் சூடுதான் இருபத்தோரு வருடமாக அவரைத் தூங்கவிடாமல் செய்தது. சான்றிதழ் ஒன்பது நாள் முந்திய தேதியைச் சொன்னது. ஆகஸ்டு மாதத்துத் தூத்துக்குடி வெயிலில் ஒன்பது நாள் கிடந்த உடலில் வாடை இல்லை. ஐஸ் வைத்திருப்பார்கள் என்று அவருடைய அறிவு சொன்னது. பானட் வெயிலில் சுட்டிருக்கும் என்றும் அறிவு சொன்னது. ஆனால் வீட்டின் நிழல் நான்கு மணிக்கு அந்த இடத்தில் விழுந்துவிடும் என்பது அந்த வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரியாதா? ஒரு வருடம் ஊரே சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறது என்று நினைத்தார். அடுத்த வருடம், தான் அனுப்பிய வயர்தான் அப்பாவைக் கொன்றது, அதை மறைக்கத்தான் இந்தக் கதை என்று நினைத்தார். பன்னிரண்டு வோல்ட் ஒரு மனிதனைக் கொல்லாது என்று அவருக்கே தெரிந்திருந்தும் நினைத்தார். அம்மாவிடம் கேட்டால், "மாகாளி சொன்னதுதான்" என்பார். காரின் சாவி எங்கே என்று கேட்டால், "தொலஞ்சுபோச்சு" என்பார். காரை எடுத்துவிடலாமா என்றால் மட்டும், "அது கெடக்கட்டும், யாரும் தொடாதிய" என்பார். கார் கொட்டகையில் கிடந்தது. யாரும் தொடவில்லை.

சென்ற மாதம் பிரகாசியம்மாள் இறந்துபோனார். முப்பதாம் நாள் பூசை முடிந்து, அம்மாவின் ஜெபப் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டியைத் திறந்தபோது, ஜெபமாலைகளுக்கு அடியில் ஒரு கைக்குட்டை முடிச்சுக்குள் லேண்ட்மாஸ்டரின் சாவி இருந்தது. ரெஜினால்டு அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். எந்த இன்ஜினையும் தொடுவதற்கு முன் எண்ணெய்த் தொட்டியைப் பார்ப்பது முப்பது வருடப் பழக்கம். பெட்ரோல் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். பெட்ரோல் எப்போதோ காற்றாகிப் போய்விட்டது. ஆனால் அது காய்ந்த இடத்தில் பிசின் விட்டுப் போயிருந்தது. டார்ச் அடித்து எட்டிப் பார்த்தபோது, தொட்டியின் உள்சுவரைச் சுற்றி, அடியிலிருந்து பாதிக்கும் மேலே, பழுப்பு நிறத்தில் ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது.

குச்சியைக் கையில் பிடித்தபடியே தெருமுனைக்கு நடந்தார். மாகாளிக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. கடைக்கு முன்னால் நாற்காலி போட்டு, ஒரு ஆட்டோவின் ஹார்னைப் பிரித்து மடியில் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, பெட்ரோல் தீந்துபோச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா தம்பி."

"பாதித் தொட்டிக்கு மேல இருந்திருக்கு. கோடு கெடக்கு. சாவி அம்மா பெட்டில இருந்துது."

மாகாளி ஹார்னை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"அம்மா சத்தியம் வாங்கிட்டாவ தம்பி. தெருவுல அத்தன பேருகிட்டயும். அவிய போன பொறவாவது நீ கேப்பன்னு தெரியும். கேக்காம இருந்தா நல்லாருக்கும்னும் நெனச்சேன்."

"யாரு அணைச்சா?"

"நீ வந்து எறங்குன சத்தம் கேட்டுது பாரு. பக்கத்துச் சீட்டுல அப்ப நாந்தான் இருந்தேன். எல்லாரும் ஓடுனாவ. நானும் ஓடிட்டேன். ஒம்பது நாள்ல அந்தச் சீட்டு காலியா இருந்தது அந்தக் கொஞ்ச நேரந்தான். அம்மா அடுப்படி ஜன்னல் வழியாப் பாத்திருக்காவ. ஒனக்கு மீனு பொரிச்சுக்கிட்டு இருந்தாவ." மாகாளி முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். "அப்பா தெருவ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்தாவளாம். ஒருத்தரும் இல்ல. சட்டைப்பையில இருந்து அந்தப் படத்த எடுத்து, ஒத்தக் கையாலயே விரிச்சுப் பாத்தாவளாம். திரும்ப மடிச்சு வச்சாவளாம். பொறவு, 'நிக்கிற வண்டிய இப்படி ஓடவிட்டுட்டுப் போயிருக்கானுவ'ன்னு சொல்லிட்டு, அவியளே சாவியத் திருப்பிட்டாவ. அம்மா அடுப்படியில இருந்து ஓடிவந்தாவ. வாறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. திரும்பச் சாவியப் போட்டுப் பாத்தாவளாம். வெளக்கு எரிஞ்சுதாம். அவிய எந்திரிக்கல."

ரெஜினால்டு கையிலிருந்த குச்சியைப் பார்த்தார். அந்த வண்டிய ஒரேயடியா அணைச்சுப் போட்டுட்டு எனக்குத் தகவல் சொல்லுங்க. அன்னைக்கு வாறேன். முப்பத்தோரு வயதில் வாசலில் நின்று தான் சொன்னது, வேறு யாரோ இப்போது காதுக்குள் சொல்வதுபோலக் கேட்டது. இருபத்தோரு வருடத்தில் முதன்முதலாக, அந்தக் கதையில் சந்தேகப்பட அவருக்கு எதுவும் மிச்சமில்லை. மாகாளி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ரெஜினால்டு, மாகாளியின் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"அண்ணாச்சி, அந்த ஒம்பது நாள்ல, நான் வந்துக்கிட்டு இருக்கேன்னு அப்பாகிட்ட ஒருத்தராவது சொன்னீங்களா?"